பதினேழு ஒன்றுகள்

அன்பு மகள் மணிமேகலைக்கு அப்பா எழுதுவது. சமயபுரத்தில் நானும் அம்மாவும் நலம். டொரொண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று அம்மாவின் போன் மூலமாகத் தெரிகிறது, என் போன்தான் பொங்கலிலிருந்து உன் குரலைக் கேட்கவில்லை. பூச்சொரிதல் கூட்டத்தில் நம் லாட்ஜில் ஓர் அறைகூட மிச்சமில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை, பிடிவாதம். ஸ்ரீரங்கத்திலிருந்து உன் அத்தை மயிலம்மாள் வந்து, ஒரு நம்பருக்காகப் பெத்த பொண்ணுகிட்ட பேசாம இருக்கீங்களே அண்ணே, அது என்ன உங்க வயல் வரப்பா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது நியாயம். பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருவது பகா எண், அதை எதாலும் வகுக்க முடியாது என்று நான் மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நீதான் இடையில் புகுந்து, வகுபடும்ப்பா, இப்பத்தான் கம்ப்யூட்டர்ல போட்டேன் என்று சிரித்தாய். மாப்பிள்ளையும் சிரித்தார். நான் போனை வைத்தேன். வைத்தது சரிதான்.

நீ அனுப்பிய 20,71,723-ஐயும் 536,32,22,357-ஐயும் தாளில் பெருக்கினேன். பதினேழு ஒன்றும் வரிசையாக வந்து நின்றன. வகுபடுகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்ற நான், அதை வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும் 34-ஆல் வகுத்தால் ஒன்று மிஞ்ச வேண்டும் என்று நானாகவே கண்டுபிடித்து, அப்படிப்பட்டவற்றை மட்டும் கல்லாவில் உட்கார்ந்து வகுத்து வகுத்துப் பத்து லட்சம் தாண்டியிருந்தேன். அதுவரை வகுபடாதது இனி எங்கே வகுபடப்போகிறது என்று நினைத்தேன். பாதி வழி வந்தவனிடம், எதுவரைக்கும் வந்திருக்கீங்கப்பா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே உனக்கு. சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து, எதிரே வரும் லாரி நம்பரெல்லாம் மூன்றால் வகுபடுமா என்று கத்திக்கொண்டே வந்தவள் நீ.

பத்தொன்பது ஒன்னு போட்டா அது நெசமாவே பகா எண்தான்னு அப்பாகிட்ட சொல்லும்மா என்று நீ சொன்னதாக அம்மா சொன்னாள். சமாதானம் பேசுகிறாய், புரிகிறது. கம்ப்யூட்டர் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். வகுத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு என் ஆயுள் போதாது, உன் ஆயுளைச் சேர்த்தாலும் போதாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆகையால் பங்கு பிரித்துக்கொள்வோம், ஞாயிறுதோறும் ஆளுக்கு ஒன்று. இதற்கு 38-ஆல் வகுத்தால் ஒன்று மிஞ்சும் பகா எண்களைப் பார்த்தால் போதும். முதலாவது 191, அதை நான் போட்டுவிட்டேன், மீதியில்லாமல் போகவில்லை. அடுத்தது 229, அது உனக்கு.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. மாரியம்மன் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை, மறக்காதே, அம்மாவின் போனுக்கு இல்லை, என் போனுக்கு. மீதி எவ்வளவு என்று சொல்ல வேண்டும். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, கையால் போட்டதாக இருக்கட்டும்.

உன் அப்பா,
வீரமலை