சுவருக்கு ஊற்றிய தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு,

எனக்குப் புத்தி தடுமாறவில்லை. "ஆன்ட்டி செடின்னு நெனச்சிக்கிட்டு செவுத்துக்குத் தண்ணி ஊத்துறாங்கக்கா" என்று பக்கத்து வீட்டு நிர்மலாதேவி உனக்குப் போன் செய்தாளாம். புதிதாகப் பூசிய சுவருக்கு ஏழு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் விரிசல் விடும். அது அவளுக்குத் தெரியாது. கட்டட இன்ஜினியரான உனக்குமா தெரியாது?

கொத்தனாரிடம் மூன்று முறை சொல்லியும் அவர் வரவில்லை. தோட்டத்துச் சுவரை நானே பூசினேன். மணலைச் சலித்து, சிமென்ட் ஒன்றுக்கு மணல் நான்கு என்று அளந்து கலந்தேன். கன்னியாஸ்திரிகளின் கண்டிப்பில் படித்தவள், அளவு தவறமாட்டேன்.

அவள் பேச்சைக் கேட்டு, நீ என்னை ஒரு வார்த்தை கேட்காமல் முதியோர் இல்லத்தில் இடம் பேசிவிட்டாய். சுவருக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கி இன்று ஐந்தாம் நாள். யார் பார்த்தாலும் இன்னும் இரண்டு நாள் ஊற்றுவேன்.

முதியோர் இல்லத்தில் பேசிய இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டாயா? போனில் வேண்டாம், எழுதி அனுப்பு.

உன் அம்மா