தங்க இதயம் கொண்ட பெண்

யூன் 1, சனி
பத்து வாழைக்குலை வெட்டிச் சந்தைக்குக் கொடுத்தேன். பின்னேரம் மனைவி உதயகலாவைத் திருநெல்வேலியில் ஆங்கில வகுப்புக்கு இறக்கினேன். அவள் பிரதேச சபையில் பதின்மூன்று வருடமாக எழுதுநர். அடுத்த மாத ஆங்கிலப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் பதவி உயர்வு. வகுப்பு முடிந்து சிரித்துக்கொண்டு வந்தாள். என்ன பகிடி என்று கேட்டேன். "சேர் ஒரு கதை சொன்னவர்" என்றாள். எனக்கு அந்தக் கதையைச் சொல்லவில்லை.

யூன் 4
மூன்று நாளாக வீட்டில் வகுப்பு எடுக்கிற சுபாஸ்கரன் சேர் புராணம்தான்.

யூன் 8, சனி
அவள் குளிக்கப் போன நேரம் அவளின் வகுப்புக் கொப்பியைத் திறந்தேன். பார்க்கக்கூடாதுதான். பார்த்தேன். 'எ வுமன் வித் எ ஹார்ட் ஒஃப் கோல்ட்.' போனில் போட்டுப் பார்த்தால், தங்க இதயம் கொண்ட பெண். கீழே சிவப்பு மையில் அந்தாளின் கையெழுத்து: 'வெரி குட்'. எது வெரி குட்? பதினாறு வருடம் கூட வாழ்கிற எனக்குத் தெரியாத இதயம் அவனுக்கு எப்படித் தெரியும்?

யூன் 9
சாப்பிடும்போது சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "உந்தத் தங்க இதயம் ஆர்?"

"ஒருத்தருமில்லை. அது பிரேஸ், சொற்றொடர். முழுசாய் எடுத்தால் பெயர்த்தொடர். 'வித்' இலையிருந்து எடுத்தால் பெயரடைத் தொடர், எப்பிடிப்பட்ட பெண் எண்டு சொல்லுது." பிறகுதான் யோசித்தாள். "கொப்பியைப் பாத்தனீங்களோ?"

பிரேஸ் என்றால் முற்றுவினை இல்லாத சொற்கூட்டமாம். அதுதான் எனக்குச் சந்தேகம். என்ன நடந்தது, என்ன நடக்கப்போகிறது — ஒன்றும் அதில் இல்லையே.

யூன் 12
தோட்டத்தில் வேலை ஓடவில்லை. எரியுது. வேற சொல் இல்லை.

யூன் 15, சனி
செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன். வகுப்பு நடக்கும்போதே உள்ளே போனேன். "என்ரை மனிசிக்குத் தங்க இதயம் எண்டு எழுத நீர் ஆர்?"

பதினெட்டுப் பேர் இருந்தார்கள். சுபாஸ்கரன் என்னைவிடப் பத்து வயது இளையவன். "அண்ணை, அது பயிற்சித் தாளிலை இருக்கிறது. தொடரைப் பிரிச்சு என்ன வகை எண்டு எழுதவேணும்" என்றான். முன்வாங்கில் இருந்த பிள்ளை தன் கொப்பியைத் தூக்கிக் காட்டினாள். அதிலும் தங்க இதயம், அதிலும் வெரி குட். பின்வாங்கில் சிரித்தார்கள். உதயகலா சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்து மோட்டார் சைக்கிளில் ஏறினாள்.

யூன் 16
"இனி நான் போகேல்லை" என்றாள். நான் போகச் சொல்லவில்லை. உண்மையை எழுதவேண்டும்: சந்தோஷமாக இருந்தது.

யூன் 27
இரண்டு வரிசைக்குத் தண்ணீர் விட்டேன். வீட்டில் இப்போது சேர் புராணம் இல்லை.

யூலை 3
அந்தாளில்தான் எரிச்சலா? பெயர்த்தொடர், பெயரடைத் தொடர் என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அது நான் கொடுத்ததில்லை. அவளுக்கு விளங்குகிற ஒன்று எனக்கு விளங்கவில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

யூலை 20, சனி
காலையிலேயே தோட்டத்துக்கு வந்து எனக்குச் சமனாக நின்று வாழைகளுக்கு முட்டுக் கொடுத்தாள்.

"இண்டைக்கெல்லே உம்மடை இங்கிலிஸ் சோதினை?" என்று கேட்டேன்.

"ஓம்."

பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்க இருந்தோம். பக்கத்தில் பசளைப் பை கிடந்தது. அதில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. விரலை வைத்துக் காட்டினேன். "இஞ்சை பாரும், இதிலை எது பிரேஸ்?"

"மறந்துபோச்சு" என்றாள்.

பையை அவள் பார்க்கவேயில்லை.