வயலில் கற்ற ஒரு கேள்வி

புரட்டாசி 20, செவ்வாய்.

சம்பா நடவுக்கு வந்திருக்கும் வங்காளத்து ஆட்களில் ஒருவன் இன்று வரப்பில் நின்று, "அக்கா, நாத்து பத்தாது, இன்னும் அஞ்சு கட்டு குடுங்க" என்றான். இந்தத் தமிழ் இங்கே நீடாமங்கலத்தில் பழகியது இல்லையாம். "சிங்கப்பூர்ல கத்துக்கிட்டேன், அக்கா. ரூம்ல எல்லாம் மன்னார்குடி ஆளுங்க."

அப்படியானால் சிங்கப்பூரிலேயே கிடக்கும் என் வீட்டுக்காரருக்கு வங்காள பாஷை வந்திருக்குமா? "சாப்பிட்டீங்களா" என்று அவர்கள் பாஷையில் எப்படிக் கேட்பார்கள் என்று அவனிடமே கேட்டு வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் போன் வந்ததும், "கேயேச்சோ?" என்றேன். இவர் யோசிக்கவே இல்லை. மூச்சு விடாமல் வங்காளத்தில் என்னவோ சொல்லிக்கொண்டே போனார். அலுப்பா, கோபமா, தெரியவில்லை. சட்டென்று நிறுத்தி, "ஏய், யாரு சொல்லிக் குடுத்தா?" என்று சிரித்தார்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

"சாப்பிட்டேன்னு சொன்னேன்."

அவ்வளவு நீளமாகவா? ஒன்பது வருஷமாக நான் தமிழில் கேட்கும்போதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் வந்திருக்கிறது.

கேள்வியை மட்டும் கற்றுக்கொண்டு வந்தது தப்பு. நாளைக்கு வயலில் பதில்களைக் கற்றுக்கொள்ள வேண்டும்.