சீனியம்மாள் கேட்டதும் நான் சொன்னதும்

ராஜபாளையம்
15.11.95

அன்பு மகள் அழகுத்தாய்க்கு அப்பா எழுதிக்கொள்வது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எல்லாக் கடிதத்திலும் அப்படி எழுதிப் பழகிய கைதான், இந்தத் தடவை அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், அம்புட்டுத்தான். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு மில்லில் பிடித்த இருமல் விட்டபாடில்லை, ஐப்பசி மழை ஒரு வாரம் பெய்து ஓய்ந்துவிட்டது. பால்கோவா கேட்டிருந்தாய், பிலாய் வந்து சேருவதற்குள் கெட்டுப்போகும் என்று கடைக்காரரே சொல்லிவிட்டார், யாராவது நேரில் வந்தால் கொடுத்து விடுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. சீனியம்மாளை ஏன் பிறந்த வீட்டுக்கு அனுப்பினீர்கள், வருஷம் திரும்பும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று அவளாகச் சொன்னாளே, அம்மா ஏதும் சுடுசொல் சொல்லிவிட்டாளா என்று கேட்டிருக்கிறாய். உன் கோபம் அங்கிருந்து இங்கே வந்து சேர ஆறு நாள் ஆகிறது, அப்படியும் சூடு ஆறவில்லை. உன் அம்மாவை ஒன்றும் சொல்லாதே தாயி. அவள் பேசுவதே இல்லை, அப்புறம் எங்கே சுடுசொல். நாங்கள் அனுப்பவும் இல்லை, அவளாகப் போனாள். போக வைத்தது நான். அதை உனக்கு எழுதத்தான் மூன்று நாளாக உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன்.

உன் தம்பி கதையிலிருந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் உனக்குத் தெரிந்தது முழுசாக இல்லை. வைகாசியில் அவன் கல்யாணத்துக்கு வந்தவள் மறுவாரமே ரயிலேறிவிட்டாய், அவர்கள் குடித்தனம் நடத்திய அழகை நீ பார்க்கவில்லை. சோலைராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடையில் நாளெல்லாம் ஊர் டி.வி.யைப் பிரித்து மாட்டிவிட்டு வருவான், வந்ததும் சீனியம்மாள் சீராகக் கொண்டுவந்த டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவான். மதுரையிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்து அதில் மாட்டியிருந்தான். புதுப்பெண்டாட்டியைக் கோயிலுக்கு, சினிமாவுக்குக் கூட்டிப்போகிற வயசில் இவன் அவள் கையில் பட்டன் வைத்த ஒரு கட்டையைக் கொடுத்து, தான் ஒன்றை வைத்துக்கொண்டு, இரண்டு பேருமாக டாங்கியை ஓட்டிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மகாராஜபுரத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பிள்ளை பத்தே நாளில் அவனைவிட நன்றாக ஆடினாள். இரண்டு பேரும் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் வந்து என்ன சண்டை என்று கேட்டுவிட்டுப் போனாள். ஏலே, நீ என்ன சின்னப்பிள்ளையா என்று நானும் திட்டினேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம் ஆடி வந்தது. ஊர் வழக்கப்படி சீனியம்மாளின் அப்பா கருத்தையாவும் அண்ணன் உக்கிரபாண்டியும் வந்து இரண்டு பேரையும் விருந்துக்கு அழைத்துப் போனார்கள், இவன் மறுநாள் தனியாகத் திரும்பினான், அவள் மாதம் முழுக்க அங்கே. ஆடி ஒன்பதில் இவனுக்குக் கண் மஞ்சள் பூத்தது. நம் தெருவில் யாருக்கு மஞ்சள் காமாலை வந்தாலும் செய்கிறதைத்தான் நாங்களும் செய்தோம், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம், வைத்தியரிடம் காட்டினோம், உப்பில்லாத பத்தியம் வைத்தோம். நாலாம் நாள் உன் தம்பி என்னிடம், அப்பா, சீனிக்கு ஒரு ஆள் சொல்லி விடுங்க என்றான். ஆடி முடியட்டும்லே என்றேன். பத்தியத்தில் இருக்கிறவன் பக்கத்தில் பெண்டாட்டி இருக்கக் கூடாது என்று உன் அம்மா சொன்னாள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், குடும்பத்துக்கு ஆகாது என்று எனக்கு நினைப்பு. எழுந்து உட்கார முடியாமல் கிடந்தவனுக்கு என்ன சித்திரைப் பிள்ளை, சொல். இன்றைக்கு இது புரிகிறது. அன்றைக்கு, சம்பந்தி வீட்டில் நம்மை வழக்கம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதுதான் பெரிதாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டான். மூன்றாம் தடவை கேட்டபோது அவன் குரலே மாறியிருந்தது. அப்பா, அவ வந்து செத்த நேரம் உக்காந்துட்டுப் போகட்டும்பா, நான் தொடக்கூட மாட்டேன் என்றான். பெற்ற அப்பனிடம் ஒரு மகன் அப்படிச் சொல்ல நேர்ந்ததே, அதற்கே நான் எழுந்து போயிருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வத்திராயிருப்பு பஸ் ஏறினால் மகாராஜபுரத்துக்கு இரண்டு மணி நேரம், காலையில் போனால் மத்தியானம் அவளோடு திரும்பியிருக்கலாம். நாளைக்குப் போறேன்லே என்றேன். மறுநாள் அவனுக்குப் பேச்சுக் குழறியது. மதுரைக்குக் கொண்டுபோகும்போது நினைவு தப்பிவிட்டது. அவளுக்கு அப்போதுதான் ஆள் அனுப்பினோம். அவள் வந்து இரண்டு நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவன் கண் திறக்கவில்லை. படுத்ததிலிருந்தே அவனுக்கு நினைவு சரியில்லை என்று அவளிடம் சொன்னோம். பிலாயிலிருந்து நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது, உன்னிடமும் அதையேதான் சொன்னோம்.

பதினாறாம் நாள் முடிந்து நீ புறப்பட்ட பிறகு வீட்டில் மூன்று பேர், மூன்று மூலை. சீனியம்மாள் சோறாக்குவாள், சாப்பிட மாட்டாள். உன் அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஒரு மத்தியானம் உள்ளே இருந்து அந்த விளையாட்டுச் சத்தம் கேட்டது. தாலி இறங்கின வீட்டில் என்ன விளையாட்டு என்று உன் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான்தான் நிறுத்தப் போகிறேன் என்று உள்ளே போனேன். போனால் அந்தப் பிள்ளை ஆட்டத்தை இரண்டு பேருக்கு என்று போட்டுவிட்டு, தன் கட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சோலைராஜின் டாங்கி போட்ட இடத்தில் சும்மா நிற்கிறது, எதிரி வந்து சுடுகிறான், போகிறது, மறுபடி வந்து நிற்கிறது, மறுபடி சுடுகிறான். இவள் தன்னுடையதைக் கொண்டுவந்து அதன் முன்னால் நிறுத்தி மறைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை அழகு. தரையில் கிடந்த அந்த இன்னொரு கட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஐம்பத்தொன்பது வயசில் எனக்கு எந்தப் பட்டன் எதற்கென்று எப்படித் தெரியும். கீழே ஒரு கோட்டை இருக்கிறது, எதிரி அதை உடைக்காமல் இரண்டு பேரும் காக்க வேண்டும், அதுதான் ஆட்டம். நான் திரும்பத் தெரியாமல் திரும்பி நம் கோட்டையை நானே சுட்டுவிட்டேன், ஆட்டம் முடிந்தது. நம்ம கோட்டையையே சுட்டுட்டீங்களே மாமா என்று சொல்லிவிட்டுச் சீனியம்மாள் சிரித்தாள். சிரித்த உடனே கையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். பொறவு கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை போட்டாள். அதிலிருந்து தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். அதற்காகவே அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். உன் அம்மாவும் ஒரு நாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள்.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனது. அந்தப் பிள்ளைக்காக உட்கார்ந்தேன் என்று சொன்னால் பாதி பொய். மகன் செத்து நாற்பது நாள் ஆகவில்லை, நான் டீக்கடையில் உட்கார்ந்து எட்டாவது கட்டத்தை எப்படித் தாண்டுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். துக்கம் கேட்க வந்தவர் பேசிக்கொண்டே இருக்கிறார், எனக்கு இவர் எப்போது எழுந்து போவார் என்று இருக்கிறது. கரண்ட் போய்விட்டால் பச்சைப்பிள்ளை மாதிரி எரிச்சல் வரும். அந்த ஒரு மணி நேரம் எனக்கு மகன் இல்லை என்பது மறந்துபோகும். மறந்ததை நினைத்தால் அப்புறம் நாளெல்லாம் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும். ஆனாலும் மறுநாள் மத்தியானம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

தீபாவளி வந்தது. அவர்களுக்குத் தலைத்தீபாவளி, விளக்குக்கூட ஏற்றவில்லை. அதற்கு மறுநாள் ஆடிக்கொண்டிருந்தபோது சீனியம்மாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அவிய படுத்திருந்தப்ப என்னயத் தேடினாவளா மாமா?”

ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். ஆமா என்று சொன்னால் ஏன் எனக்குச் சொல்லி விடவில்லை என்று அடுத்துக் கேட்பாள். மூன்று தடவை கேட்டான், நான்தான் ஆடி ஆடி என்று கிடந்தேன் என்று தெரிந்த பிறகு அந்தப் பிள்ளை என் பக்கத்தில் உட்காருமா. நாளை மத்தியானம் என்னோடு ஆடுமா. சத்தியமாக அந்த நேரத்தில் எனக்கு அதுதான் நினைப்பு.

“இல்லத்தா. அவனுக்கு நினைவே இல்ல. யாரையுமே தேடல.”

சரி மாமா என்றாள். பட்டனை அமுக்கினாள், அந்தக் கட்டத்தை முடித்தாள், நன்றாகத்தான் ஆடினாள். அன்றைக்குச் சாயங்காலமே அண்ணனுக்குக் கார்டு எழுதிப் போட்டிருக்கிறாள். ஐந்தாம் நாள் உக்கிரபாண்டி வேன் கொண்டுவந்தான். ஏன்த்தா திடீரென்று என்று கேட்டேன், போறேன் மாமா என்றாள். டி.வி. இங்கேயே இருக்கட்டும் என்று உக்கிரபாண்டி சொன்னான், பிள்ளையோடு வந்த சீர் பிள்ளையோடுதான் போக வேண்டும் என்று உன் அம்மா ஒரே பிடியாக நின்று ஏற்றி விட்டாள். வீடியோ கேம் பெட்டி பீரோ மேல் சும்மா கிடக்கிறது, அதை மாட்ட டி.வி. இல்லை.

வேன் போன பிறகு உன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள், நல்லதைத்தான் சொல்லியிருக்கீக, தேடினான்னு தெரிஞ்சா அவ இங்கேயே கிடந்து காலத்த முடிச்சிருவா, இருபத்தோரு வயசுப் பிள்ளை என்றாள். அவள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். நான் அந்தப் பிள்ளையின் நல்லதுக்காக அந்தப் பொய்யைச் சொல்லவில்லையே தாயி. அவள் போய்விடக் கூடாது என்று சொன்னேன், அதனாலேயே அவள் போய்விட்டாள்.

போன வெள்ளிக்கிழமை சோலைராஜின் கடைச் சாவியைக் கட்டிடக்காரரிடம் ஒப்படைக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்டில் உக்கிரபாண்டி நின்றான், மரியாதையாகத்தான் பேசினான். தேவதானத்தில் ஒரு இடம் பார்க்கிறார்களாம், முதல் தாரம் தவறினவர், தோப்பு வயல் உண்டு, சம்மதம் ஆனால் தையில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சாம். சீனி என்ன சொல்லுது என்று கேட்டேன். மறுபடி மறுபடி கேட்ட பிறகு, சாகக் கிடக்கும்போதுகூட அவியளுக்கு என் நினைப்பு வரலயாம், இனி நான் எங்க இருந்தா என்ன, உங்க இஷ்டம் என்றாளாம். இதைச் சொல்லிவிட்டு, மச்சான் நல்ல மனுசன், அந்த நேரத்தில் அவருக்கு நினைவு இல்லாமல் போச்சு, இது புரிய மாட்டேங்கிறாளே என்று அவன் என்னிடமே வருத்தப்பட்டான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் பஸ் வந்தது. பஸ் வராமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது.

இந்த ஐந்து நாளாக இதையே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். மகாராஜபுரம் போய் அவள் முன்னால் நின்று உண்மையைச் சொன்னால் என்ன. என் முகத்தில் காறித் துப்புவாள், துப்பட்டும், நான் அதற்கு உரியவன்தான். ஆனால் அதோடு நிற்க மாட்டாள். தேவதானத்து இடம் வேண்டாம் என்பாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தவனிடம் போகாமல் விட்டோமே என்று ஆயுசுக்கும் வெந்துகொண்டிருப்பாள். சொல்லாவிட்டாலோ, தன்னை நினைக்காத ஒருவனோடு இரண்டு மாதம் குடித்தனம் நடத்தினோம் என்று எண்ணிக்கொண்டே இன்னொருவன் வீட்டுக்குப் போவாள். எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பிள்ளைக்கு விடிவு இல்லை. நான் சொல்லாமல் இருப்பது என்று முடிவு செய்துவிட்டேன். இதுவும் அவள் நல்லதுக்கா, என் பயத்துக்கா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. பெண்டாட்டியைத் தேடாமலே செத்தவன் என்ற பெயர் என் மகனுக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

உனக்கு அவள் எழுதினாலும் எழுதுவாள், மதினி மதினி என்று உன்மேல் பிரியம் அவளுக்கு. ஏதாவது கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிவிடு. பிள்ளைகளுக்குக் காய்ச்சின தண்ணீரே கொடு. யாருக்காவது கண் லேசாக மஞ்சளாகத் தெரிந்தால் எங்களுக்கு எழுதிக் கேட்டுக்கொண்டிருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. மாப்பிள்ளை ஏதாவது சொல்லிக் கூப்பிட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போ. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதுக்குத் துணி கட்டி அனுப்பு. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நூறு வயசு இருக்க வேண்டும், ஆண்டாள் உங்களையாவது காப்பாற்றட்டும். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை கண்ணில் படாமல் கிழித்து அடுப்பில் போட்டுவிடு. கிழிப்பதற்கு எதற்கு இவ்வளவு எழுத வேண்டும் என்று நினைப்பாய். உன் தம்பி அவளைத் தேடினான் என்பது அவளுக்குத்தான் தெரியாமல் போயிற்று, நான் போன பிறகும் ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பொ. சௌந்தரபாண்டியன்