நாலு மணிக் காலடி

டாப்பியோலா, மிச்சிகன்
மார்ச் 3, திங்கட்கிழமை

அன்புள்ள மார்லிஸ்,

நானும் நம் நாய் முஸ்தியும் சுகம். அதற்குப் பின்னங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, எனக்குக் கோபம் கொஞ்சம் கூடியிருக்கிறது. இந்த ஒரு வாரத்தில் மட்டும் இரண்டடிப் பனி. விடியுமுன் பனித்தள்ளி வண்டியை எடுத்துக்கொண்டு போகிறேன். நான் பனி தள்ளி முடித்த சாலையை எனக்குப் பின்னாலேயே வானம் மூடிக்கொண்டு வருகிறது. இரண்டரை மணிக்கு வீட்டில் இருக்கிறேன். ஞாயிறன்று ஈர்யா அக்கா மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி கொண்டுவந்தாள். மேல்மாவு செருப்புத் தோல்தான். அவளிடம் சொல்லிவிடாதே.

பரீட்சை முடியும்வரை போனைப் பெட்டியில் பூட்டிவிட்டேன், கடிதம் போடுங்கள் என்று நீ எழுதியபோது சிரித்தேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் கடிதம் எழுதியது வரி அலுவலகத்துக்கு மட்டும்தான். ஆனால் நீ செய்தது சரி. போன தடவை உடற்கூறு புத்தகம் முழுவதையும் மஞ்சள் பேனாவால் பூசிவிட்டு, படித்தாகிவிட்டது என்று நம்பிப் பரீட்சைக்குப் போனாய். இப்போது முதலில் தலைப்புகளை மட்டும் பார்த்து அவற்றைக் கேள்விகளாக எழுதிக்கொள்கிறாய், பிறகு படிக்கிறாய், பிறகு புத்தகத்தை மூடிவைத்து வெள்ளைத் தாளில் வரைந்து பார்க்கிறாய். மூடிய பிறகு எது வருகிறதோ அதுதான் நமக்குத் தெரிந்தது என்று உன் ஆசிரியை சொன்னதைப் பனி வண்டியில் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன். பதினான்கு வருடம் முதியோர் இல்லத்தில் அடுத்தவர் சொன்னபடி படுக்கை மாற்றியவள் நீ. இந்தத் தடவையும் தவறினால் நர்சிங் வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்பது எனக்கும் தெரியும்.

இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்காதே.

ஜனவரியில் படிக்க ஊரைவிட்டுப் போகும்முன் நீ நம் வீட்டையே உடம்பாக்கி வைத்துக்கொண்டாய் அல்லவா, மனதுக்குள் நடந்து நடந்து ஞாபகப்படுத்துவதற்காக? முன்வாசல் வாய், சமையலறை இரைப்பை, குளிர்பெட்டிக்கும் கழுவு தொட்டிக்கும் நடுவில் சிறுகுடல், துணி துவைக்கும் அறை சிறுநீரகம், மாடியில் நம் படுக்கையறையின் இரண்டு ஜன்னல்களும் நுரையீரல். தினமும் நாலு மணிக்கு அந்த நடையைப் போகிறேன், இருபத்தைந்து நிமிடம் நடை, பத்து நிமிடம் ஓய்வு, மறுபடி நடை என்று எழுதியிருந்தாய்.

மார்லிஸ், நாலு மணிக்கு இங்கே காலடிச் சத்தம் கேட்கிறது.

நல்ல வெளிச்சத்தில், நான் நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருக்கும்போதே கேட்கிறது. வாசலில் தொடங்கிச் சமையலறைக்கு வரும். முதலில் வெந்நீர்க் குழாய் என்று நினைத்தேன். குழாய்க்கு யார் வாலை ஆட்டுவார்கள்? முஸ்தி குரைக்கவில்லை. எழுந்து, ரொட்டி ஓரம் கிடைக்கும் என்று உன் பின்னாலேயே சுற்றுமே, அப்படிச் சமையலறைக்குள் சுற்றி வந்தது. அங்கே யாரும் இல்லை. பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி அந்தச் சத்தம் குளிர்பெட்டிக்கும் தொட்டிக்கும் நடுவே மூன்று தடவை போய்வந்தது. அந்த வாரக் கடிதத்தில் சிறுகுடலின் மூன்று பாகங்களும் குழம்புகின்றன என்று நீ எழுதியிருந்தாய். இருபத்தைந்தாம் தேதி சத்தமே இல்லை. அன்று காய்ச்சலில் படுத்திருந்ததாக சனிக்கிழமை வந்த கடிதத்தில் சொல்கிறாய். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் சத்தம் வராத அந்த ஒரு நாள் பட்ட பயம் அதைவிடப் பெரிது.

அது மாடிக்கும் போகிறது. படிகளைத் தாண்டி, நடைகூடத்தில் இடது பக்கக் கதவு வரை போய் நிற்கிறது. நெடுநேரம் நிற்கிறது. பிறகு திரும்பிவிடுகிறது. ஒரு நாள்கூடக் கைப்பிடி அசையவில்லை.

இதயம் மட்டும் வர மாட்டேன் என்கிறது, அங்கே போனதும் எல்லாம் இருட்டிவிடுகிறது என்று நீ எழுதியதன் அர்த்தம் எனக்கு அந்தக் கதவருகே நின்றபோதுதான் புரிந்தது. உன் மேல் தவறில்லை. வீட்டைத் தாளில் வரைந்தால் நடுவில், கொஞ்சம் இடது பக்கமாக, நம் பிள்ளை ஓல்லியின் அறைதான் விழுகிறது. மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கும் அறையில் இதயத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டாய்.

ஈர்யாவிடம் பாதியை மட்டும் சொன்னேன், காலடியைச் சொல்லவில்லை. "இதுக்கெதுக்குடா இவ்வளவு யோசனை? இதயத்தைத் தூக்கி கராஜுல வைக்கச் சொல்லு, அங்கதான் எடம் இருக்கே" என்றாள். ஒரு தடவை வைத்த இடத்தை மாற்றினால் எல்லாம் கலங்கிவிடும் என்று உன் ஆசிரியை சொல்லியிருக்கிறார் என்றேன். "அப்ப கதவத் தொறடா, ஆர்விட். உன் பொண்டாட்டி வெளிய நிக்கறா" என்றாள். நான் சொல்லாததை அவள் எப்படித் தெரிந்துகொண்டாள் என்று இதுவரை கேட்கவில்லை.

நேற்று திறந்தேன். உள்ளே குளிரும் அவனுடைய கம்பளிக் கையுறை வாசமும் இருந்தன. கொஞ்ச நேரம் அழுதேன், அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை. பிறகு எந்தச் சாமான் இதயத்தின் எந்த அறை என்று நீ கடிதத்தில் எழுதியிருந்த குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கதவைத் திறக்காமலே ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறாய், பாதி தப்பு. அவன் நம்மை விட்டுப் போவதற்கு முந்தைய மாதம், அந்த அக்டோபரில், ஏரி தெரிய வேண்டும் என்று அவன் கட்டிலையும் மேசையையும் இடம் மாற்றிப் போட்டதை நீ மறந்துவிட்டாய். சரியானதை எழுதுகிறேன், தாளை மூடிவைத்துச் சொல்லிப் பார்.

நுழைந்ததும் வலது கையில் துணி அலமாரி, அது வலது மேலறை. அழுக்கு ரத்தம் வந்து சேரும் இடம், அவன் ஈரத் துணியெல்லாம் அங்கேதான் திணிப்பான். அதன் கீழே பொம்மைப் பெட்டி வலது கீழறை. அங்கிருந்து வெளியே வந்து நம் அறைக்குப் போ, இரண்டு ஜன்னலிலும் மூச்சு வாங்கு. திரும்பி வந்தால் இடது பக்கம் கட்டில், அது இடது மேலறை. அடுத்து ஜன்னலை ஒட்டி மேசை, இடது கீழறை. உன் அப்பா மேப்பிள் மரத்தில் செய்தது, நாலிலும் தடித்த சுவர் அதற்குத்தான். அங்கிருந்து ஜன்னல் வழியாக உடம்பு முழுவதற்கும். நானே ஐந்து தடவை நடந்து பார்த்தேன், என் மரமண்டைக்கே பிடிபட்டுவிட்டது.

கதவை இனி மூட மாட்டேன். ஒரு முறை, அந்த நவம்பரில், உறைந்த ஏரியின் பனி தாங்கும், நடக்கலாம் என்று உன்னிடமும் ஓல்லியிடமும் நான் சொன்னேன், அது தாங்கவில்லை. அதற்குப் பிறகு என் வார்த்தையை நம்பி நீ எங்கும் கால் வைத்ததில்லை. வைக்காதது நியாயம். இந்தத் தரையை மட்டும் நம்பு, மார்லிஸ். மூலைக்கு மூலை நடந்து பார்த்துவிட்டேன், தாங்கும்.

நன்றாகச் சாப்பிட்டு, பரீட்சைக்கு முன் நன்றாகத் தூங்கு.

என்றும் உன்,
ஆர்விட்


மார்ச் 13, வியாழக்கிழமை

அன்புள்ள மார்லிஸ்,

இன்று லீவு போட்டேன். காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை என்று தெரியும். சமையலறையில் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டேன், எழுதுகிறவளை உற்றுப் பார்க்கக் கூடாதே.

ஒன்பதே காலுக்கு வந்தாய். சமையலறையில் தடுமாறவே இல்லை. மாடி ஏறினாய், இடது பக்கக் கதவில் நின்றாய். என் காபி ஆறிப்போகும்வரை நின்றாய். மணி ஓடுகிறது, பெண்ணே, உள்ளே போ என்று முணுமுணுத்தேன். பிறகு தரைப்பலகை சத்தம் போட்டது. உள்ளே. அலமாரி, பெட்டி, வெளியே வந்து நம் அறை, திரும்பிக் கட்டில். கட்டிலருகே நீண்ட நேரம். அப்புறம் மேசை, ஜன்னல். நான் எழுதிய வரிசை ஒன்றுகூடப் பிசகவில்லை. பத்தரைக்குப் படி இறங்கி வாசலைத் தாண்டிப் போய்விட்டாய். மதிப்பெண் எதுவாக இருந்தாலும் எனக்கு அது போதும்.

நீ போனபின் முஸ்தியைக் காணவில்லை. மாடியில் தேடினேன். அந்தக் கால் வலியோடு படியேறி, ஓல்லியின் கட்டிலை ஒட்டி, அது முன்பு தூங்கும் இடத்திலேயே படுத்திருந்தது. வெறும் கட்டிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. நீ போய் வெகுநேரமாகிவிட்டது, மார்லிஸ், ஆனாலும் அதன் வால் தரையில் தட்டுவதை நிறுத்தவில்லை. இதை எழுதும்போதும் மேலேயிருந்து கேட்கிறது, ஒரே சீராக.

எனக்கு மறுபடி தனியாக மேலே போகத் துணிவில்லை, கதவை மூடவும் மனம் வரவில்லை. சனிக்கிழமை சாலைப் பனியை நானே தள்ளிவைக்கிறேன். மனதால் நடந்தது போதும், வண்டியில் வா. நாம் இரண்டு பேரும் சேர்ந்து மாடிக்குப் போகலாம்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
ஆர்விட்