இண்டைக்கு என்ன நிறம்?

விஷ்ணுப்பிரியா குளித்துக்கொண்டிருந்தாள். வெள்ளவத்தை வீட்டின் சாப்பாட்டு மேசையில் கிடந்த அவளுடைய போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது: 'இண்டைக்கு என்ன நிறம்?' அனுப்பியவர் நபீஸ். மூன்று நாளாகக் காலையில் இதே கேள்வி. இவள் உடுக்கும் சுடிதாரின் நிறம் எவனோ ஒருவனுக்கு எதற்கு என்று பாலகணேஷுக்கு நெஞ்சு கொதித்தது. மனைவியை நேரே கேட்க வாய் வரவில்லை. கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதினான்.

"பிரியா, மீன்குழம்பு சூடாக்கி வச்சிருக்கிறன். பதினொரு மணிக்குக் காஸ் சிலிண்டர் கொண்டு வருவாங்கள். நபீஸ் ஆர்? உம்மட நிறம் அவருக்கு என்னத்துக்கு? பொய் சொல்ல வேண்டாம்."

கதவுவரை போனவன் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினான்: "குளிசை விழுங்க மறக்காதையும்."

மாலையில் வந்தபோது அவள் படுத்திருந்தாள். மேசையில் கிடந்த பில்லின் ஓரமெல்லாம் அவளுடைய எழுத்து.

"அவருக்கும் என்ர இரத்தம் உடையிற வருத்தம்தான். எங்கட குறூப்பில ஆறு பேர். காலமை சிறுநீர் என்ன நிறமெண்டு ஆளையாள் கேப்பம். இண்டைக்கு எனக்குக் கோப்பி நிறம். டொக்டர் நாளைக்கு வரச் சொன்னவர். முந்தி ஒருக்கா இப்பிடி வந்து உங்களுக்குச் சொன்னன், பயத்தில ரெண்டு நாள் நீங்கள் சாப்பிடேல்ல. அவருக்குச் சொன்னா, 'எனக்கும் அப்பிடி இருந்தது' எண்டுவார்."

பாலகணேஷ் இரண்டு தரம் வாசித்தான். பேனையைத் தேடி எடுத்து, மிஞ்சியிருந்த மூலையில் எழுதினான்.

"அந்த ஆறு பேரின்ர வீட்டுக்காரருக்கும் ஒரு குறூப் இருக்கோ? கேட்டுச் சொல்லும்."