நகரும் படியில் நீங்கள் உட்கார்ந்தது ஏன்

என்னங்க,

முப்பத்தைந்து வருஷமாக உங்களை நான் கூப்பிட்டது இந்த ஒரு சொல்லால்தான். கடிதம் எழுதியது கிடையாது. ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே மலையில் வேலை பார்த்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? நான் கொழுந்து பறிப்பேன், நீங்கள் கங்காணியாகப் பின்னால் நின்று கத்துவீர்கள், வீட்டுக்கு வந்ததும் நான் கத்துவேன். இப்போது கத்துவதற்கு ஆளில்லாமல், நம் மகள் பாப்பா பள்ளிக்கூடத்தில் எழுதிய பழைய கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாப்பா வருகிறாள். உங்கள் வருஷத் திதிக்கு. வெள்ளிக்கிழமை இங்கிலாந்திலிருந்து கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் தெமோதரைக்கு வருகிறாள். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். பெற்ற மகள் வருவது சந்தோஷம்தான். ஆனால் ஒரு கேள்வியையும் கொண்டு வருகிறாளே, அதற்கு நான் என்ன செய்வேன்?

போன வாரம் போனில் கேட்டாள். "அம்மா, லண்டன்ல எஸ்கலேட்டர்ல அப்பா உக்காந்தாருல்ல, அந்த வீடியோவத் திரும்பப் பாத்தேன். அப்பா கை நெஞ்சுல இருக்கு. அப்பவே அவருக்கு வலி இருந்துச்சா? உண்மையச் சொல்லுங்க."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான், "இங்க ஒரே மழை பாப்பா, சிக்னல் இல்ல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் இதைவிட நன்றாகப் பொய் சொல்லியிருப்பீர்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது?

அவளைப் பார்க்கப் போய் அந்த ஊரில் மூன்று மாதம் இருந்தோமே, அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

போன முதல் நாள் காலையில் பாப்பா நூல் கட்டிய பைத் தேயிலையில் டீ போட்டுக் கொடுத்தாள். நீங்கள் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, அந்தக் குட்டிப் பையை வெட்டி, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தீர்கள். "பேக்டரியில கூட்டி அள்ளுற தூசும்மா இது. நர்சுக்குப் படிச்சும் இதையா குடிக்கிற?" என்று கேட்டுவிட்டு, இடுப்பில் கட்டுகிற சாரத்துக்குள் சுற்றிக் கொண்டுவந்த நம் தோட்டத்துத் தூளை எடுத்து அடுப்படியை உங்கள் கையில் எடுத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு மூன்று மாதமும் அந்த வீட்டில் நீங்கள் வைத்ததுதான் சட்டம்.

அப்புறம் அந்த எதிர்வீட்டுக் கிழவர். முழங்காலுக்கு மேலே அரைக்கால் சட்டை, கையில் கம்பு, கூடவே ஒரு நாய். நம் தோட்டத்துப் பெரிய துரை மலைக்கு வருகிற அதே கோலம். அவரைப் பார்த்ததும் கம்பளித் தொப்பியைக் கழற்றிவிட்டு விறைத்து நின்றீர்கள். "சலாங்க தொர!" பாவம், மனுஷன் தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ அப்பா, அவரு பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தவரு. இப்பப் பென்ஷன்ல இருக்காரு" என்று பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுமே. நடையப் பாத்தியா? தொர நடை!"

நாலாம் நாள் அவரே தூரத்திலிருந்து கம்பைத் தூக்கி "சலாங்கா!" என்று கூவினார். அன்றைக்கு உங்களைப் பிடிக்க முடியவில்லை.

சரி, உங்களை மட்டும் சொல்வானேன். நான் செய்த கூத்து அதைவிட மோசம். பாப்பா வேலைக்குப் போனதும் நாம் இரண்டு பேரும் தெருவில் நடப்போம். வீட்டுக்கு வீடு இடுப்பளவில் செடி வேலி, மேலே மட்டமாக வெட்டி விட்டிருப்பார்கள். மழை பெய்து தளதளவென்று இளந்தளிர் விட்டிருந்தது. வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகும், கை பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன், எனக்கே தெரியாது. ஒரு நாள் ஒரு அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து ஏதோ நீளமாகக் கேட்டாள். திரும்பிப் பார்த்தால் அவள் வீட்டு வேலி மேலே ஒரு தளிர் இல்லை.

"மேடம், மை வைப்... டீ..." என்று ஆரம்பித்தீர்கள். அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. சாட்சி காட்டுவதற்காக என் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி இலையை எடுத்து மதில்மேல் பரப்பினீர்கள். அவ்வளவுதான், உங்கள் மூஞ்சி மாறிப்போனது.

"என்ன புள்ள இது? பாதி முத்தின இலை! காம்பு வேற! இந்தக் கொழுந்த எவன் நிறுப்பான்?"

"இது தேயிலையா, நீங்க தரம் பாக்குறதுக்கு? மொதல்ல அந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க!"

"பறிக்கிறதுன்னு வந்துட்டா ஒழுங்காப் பறிக்கணும்."

நாம் நடுத்தெருவில் நின்று போட்ட சண்டையைப் பார்த்து அந்த அம்மாவே சிரித்துவிட்டாள். பின்பக்கத்து வேலியும் வளர்ந்து கிடக்கிறது, நேரம் இருந்தால் வரச் சொல் என்று சாயங்காலம் பாப்பாவிடம் சொல்லி அனுப்பினாள்.

இதெல்லாம் உண்மையான சிரிப்பு. எஸ்கலேட்டர் அப்படி இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரு நாள் பாப்பாவோடு பூமிக்கு அடியில் ஓடுகிற ரயிலில் போய் இறங்கி, மேலே வருகிற நகரும் படியில் ஏறினோம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். முன்னால் ஏறிப் போன பாப்பா மேலே நின்று போனில் நம்மைப் படம் பிடித்தாள். பாதி வழியில் திடீரென்று படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். மேலே வந்தும் எழும்பவில்லை. காவலாள் ஓடிவந்து ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார். படி நின்றது, பின்னால் வந்த அத்தனை பேரும் நின்றார்கள்.

"அப்பா! என்னப்பா செய்யுது?"

"ஒண்ணும் இல்ல பாப்பா. படியே நடக்குதே, நம்ம எதுக்கு நிக்கணும்னு உக்காந்துட்டேன்."

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டேதான் முதுகில் கை கொடுத்துத் தூக்கினேன். அந்தக் குளிரில் உங்கள் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

மறுநாள் காலையில் பாப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து அடுப்படியில் உங்களை மடக்கினேன். மேடு ஏறினால் கொஞ்ச நாளாக நெஞ்சைப் பிடிக்கிறது என்றீர்கள். "வீட்டுலயே நர்சு இருக்கு, இப்பவே சொல்றேன்" என்று நான் திரும்பினேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்து உங்கள் தலைமேல் வைத்தீர்கள்.

"ஏழு வருஷத்துக்கு அப்புறம் நம்மளப் பாத்துருக்கு. சுத்திக் காட்டணும்னு கெடைக்கிற லீவையெல்லாம் போட்டுட்டு ஆசையா நிக்குது. அதோட சந்தோஷத்துல மண்ணள்ளிப் போட்டுறாத. ஊருக்குப் போய் பாத்துக்கலாம். பாப்பாவுக்குச் சொல்ல மாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு."

குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பயத்தில் சத்தியம் பண்ணிவிட்டேன். ஏன் பண்ணினேன்? கையை உதறிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

ஊருக்கு வந்து பதுளையில் டொக்டரைப் பார்த்தீர்கள், மாத்திரை போட்டீர்கள். அதையும் பாப்பாவுக்குச் சொல்ல விடவில்லை. ஆனால் எஸ்கலேட்டர் கதையை மட்டும் கோயிலிலும் பஸ்ஸிலும் சாவு வீட்டிலும்கூடச் சொன்னீர்கள். சொல்லச் சொல்ல அது உங்களுக்கே உண்மையாகிவிட்டது போல. மருந்து எடுக்கப் போன அன்றைக்கு, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் கடை வாசல் படியில் உட்கார்ந்தீர்கள். பக்கத்தில் நின்ற ராமையா அண்ணன், "என்ன கங்காணி, இந்தப் படியும் நடக்குதா?" என்று கேட்டார். நின்ற எல்லாரும் சிரித்தார்கள். எல்லாம் தெரிந்த நானும், ஐயோ, ஒரு நிமிஷம் சிரித்துவிட்டேன். நீங்கள் அப்புறம் எழும்பவில்லை.

ராமையா அண்ணன் இன்றைக்கும் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். அவரிடம் நான் என்ன சொல்ல முடியும்? எல்ல ஸ்டேஷன் பக்கம் போகிற ரயிலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவில் தொங்கிக்கொண்டு கொழுந்து பறிக்கிறவர்களைப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் இருந்தால் "சலாங்கா" என்று கூவியிருப்பீர்கள். எனக்குக் கையைத் தூக்கக்கூட மனசு வரவில்லை.

நேற்றுப் பாப்பா மறுபடியும் பேசினாள். இந்தத் தடவை கேள்வி கேட்கவில்லை, அழுதாள்.

"நான் நர்சும்மா. தினமும் நோயாளிங்க மொகத்தப் பாத்தே சொல்லிருவேன். மூணு மாசம் என் கண்ணு முன்னாடி இருந்த அப்பாவ எனக்குத் தெரியலையே. மேலயும் கீழயும் இழுத்துக்கிட்டு அலைஞ்சேனே. நான்தாம்மா அப்பாவக் கொன்னுட்டேன். வார்ட்டுக்குள்ள போகவே பயமா இருக்கு, யாரையாச்சும் இப்படி விட்டுருவேனோன்னு."

கேட்டீர்களா? எந்தப் பிள்ளையின் சந்தோஷம் கெடக்கூடாது என்று என் கையை இழுத்தீர்களோ, அந்தப் பிள்ளை இப்படிப் பேசுகிறது. அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவள் கண்ணைக் கட்டினோம். "இல்ல பாப்பா" என்று சொல்ல வாயைத் திறந்தேன், உங்களுக்குப் பண்ணிய சத்தியம் ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் அவள், நடுவில் நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தலையில் கைவைத்துப் பண்ணிய சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்கு ஆகாது என்பார்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். சத்தியத்தை ஒழுங்காகக் காப்பாற்றினேன். அப்படியும் போய்விட்டீர்களே! இனிமேல் நான் யாருக்காகப் பயப்பட வேண்டும்?

உங்களைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள். அதனால் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் வந்து, உங்கள் படத்துக்கு விளக்கு ஏற்றுவதற்கு முன்னாலேயே, எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். வேர்வையில் நனைந்த சட்டையைச் சொல்வேன், அடுப்படியைச் சொல்வேன், மாத்திரையைச் சொல்வேன். அவள் என்னோடு பேசாமல் போகலாம். சுருக்கென்று கோபம் வருகிற பிள்ளை, உங்களைப்போல. திட்டட்டும். திட்டு வாங்க வேண்டியவர் நீங்களும்தான், ஆனால் உங்களை எங்கே போய்த் தேடுவாள்? உங்கள் பங்கையும் சேர்த்து நானே வாங்கிக்கொள்கிறேன். அது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. இதை மீற மாட்டேன்.

உங்கள் பேச்சை முதல் தடவையாகத் தட்டுகிற,
உங்கள் பொண்டாட்டி
சரஸ்வதி